தரவு இதழியலும் அரசுக் கட்டுப்பாடும்

தரவு இதழியல் என்பது எண்கள், பதிவேடுகள், பட்டியல்கள் ஆகியவற்றை ஆராய்ந்து செய்தி எழுதும் முறையாகும். தேர்தலும் நாளிதழ்களும் இருந்தும் அரசு தகவலைத் தன் பிடியில் வைத்திருக்கும் ஆட்சிமுறை அரை எதேச்சாதிகாரம் எனப்படுகிறது. சுவீடனின் வி-டெம் நிறுவனம் 2021இல் இந்தியாவைத் தேர்தல்வழி எதேச்சாதிகாரம் என வகைப்படுத்தியது. இந்திய அரசு இதனை ஏற்கவில்லை. இத்தகைய சூழலில் தரவு முழுதும் மறைக்கப்படுவதைவிட, ஒரு பகுதி மட்டும் வெளியிடப்படுவதே மிகுதி. எனவே அரசின் ஒரு பதிவேட்டை மற்றொன்றோடு ஒப்பிடுவது இதழியலாளரின் முதன்மைக் கருவியாகும்.

இரு பதிவேடுகள்

2020இல் தமிழ்நாட்டு நலவாழ்வுத் துறையின் நாளறிக்கை, கோவிட்-19 நோயால் இறந்த ஒவ்வொருவரின் அகவை, பால், மாவட்டம், மருத்துவமனை, இறந்த நாள் ஆகியவற்றைப் பெயரின்றித் தந்தது. பல மாநிலங்கள் இந்த அளவுக்குத் தரவில்லை. சென்னை மாநகராட்சியோ 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி தனிப் பதிவேடு வைத்திருந்தது. இரண்டும் பொருந்தவில்லை எனச் சூன் மாதத்தில் செய்திகள் வெளிவந்தன. அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. விடுபட்ட 444 இறப்புகள் சூலை 22 அன்று கணக்கில் சேர்க்கப்பட்டன.

இதே முறையின் விரிவு மிகை இறப்புக் கணக்கீடு ஆகும். இதில், பதிவான எல்லா இறப்புகளிலிருந்தும் வழக்கமான ஆண்டுகளின் சராசரி கழிக்கப்படுகிறது. ரசியாவில் அரசுப் புள்ளியியல் துறையின் மாதக் கணக்கு, நோய்த்தடுப்புத் தலைமையகம் அறிவித்ததைவிட மிக உயர்ந்திருந்ததை இதழியலாளர்கள் இவ்வாறே காட்டினர். இந்தியாவில் 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் சுமார் 47 இலட்சம் மிகை இறப்புகள் நிகழ்ந்தன என உலக சுகாதார அமைப்பு 2022இல் மதிப்பிட்டது. அரசுக் கணக்கு சுமார் 4.8 இலட்சம். கணக்கிட்ட முறையை இந்திய அரசு மறுத்தது.

செங்கல்பட்டு நிகழ்வு

மாமல்லபுரம் கடலோர ஊர்களுக்கு அண்மையிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகும். 2021 மே 4 இரவு முதல் மறுநாள் காலைக்குள் இங்கு 13 நோயாளிகள் இறந்தனர். ஆக்சிசன் அழுத்தம் குறைந்ததே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தட்டுப்பாடு இல்லை என்றது நிர்வாகம். ஆக்சிசன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் தனியே அறிவிக்கவில்லை என ஒன்றிய அரசு அதே ஆண்டு சூலையில் மாநிலங்களவையில் தெரிவித்தது.

இறப்புப் பதிவேட்டில் நோயின் பெயருக்கு இடமுண்டு. குழாயில் அழுத்தம் குறைந்ததற்கு இல்லை. ஆகவே இங்கு இரு பதிவேடுகளை ஒப்பிடும் முறை பயன்படாது. ஆக்சிசன் கொள்கலன் நிரப்பிய நேரம், பயன்பட்ட அளவு போன்ற குறிப்புகளை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்க வேண்டியிருக்கும். பெயருள்ள இறப்புப் பட்டியலைப் பெறுவது இன்னும் கடினம். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியாள் தகவலுக்கான விலக்கை விரிவாக்கியது. பொதுநலன் கருதி வெளியிட இடமளிக்கும் 8(2) பிரிவு மட்டும் எஞ்சியுள்ளது.