வாஷர் மாற்ற யார் வருவார்?

ஓர் அடிபம்பு நின்றுபோவதற்குப் பெரும்பாலும் பெரிய காரணம் எதுவும் இருப்பதில்லை. பூமிக்கடியில் முப்பது மீட்டர் ஆழத்தில், சிலிண்டருக்குள் பிஸ்டனோடு ஏறி இறங்கும் வாஷர் தேய்ந்துபோயிருக்கும். அந்தக் காலத்தில் தோல், இப்போது ரப்பர். உள்ளங்கையில் அடங்கிவிடும் பொருள். முதலில் பத்துத் தடவை அடித்தால்தான் தண்ணீர் ஏறும். பிறகு ஐம்பது தடவை. கடைசியில் கை ஓய அடித்தாலும் காற்று மட்டும்தான் வரும்.

அந்த வாஷரைத் தொடுவதற்குப் படும் பாடு இருக்கிறதே, அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நம் ஊர்களில் நிற்கும் இந்தியா மார்க்-2 பம்பில், மூன்று மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, கிளாம்ப் போட்டு நிறுத்தி, ரெஞ்சால் கழற்ற வேண்டும். முப்பது மீட்டருக்குப் பத்துக் குழாய். குழாய்களுக்குள் ராடு, அடியில் சிலிண்டர், வடியாமல் நிற்கும் தண்ணீர் என்று எல்லாம் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும். நாலு ஆள் வேண்டும், தளவாடம் வேண்டும், இவற்றை ஏற்றிவர ஒரு வண்டியும் வேண்டும். வாஷரின் விலை அற்பம். அதை மாற்றும் செலவு பல மடங்கு. அடிபம்புத் திட்டங்கள் பல படுத்துப்போவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இந்தியாவுக்கு இது பழைய பாடம். 1960களின் பஞ்சத்துக்குப் பிறகு, கடும்பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் யுனிசெஃப் உதவியோடு வந்தன. ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டு, மேலே வார்ப்பிரும்புப் பம்பைப் பொருத்தினார்கள். அவை மேல்நாட்டுப் பண்ணைவீடுகளில் ஒரு குடும்பம் அடிப்பதற்காக உருவான பம்புகளின் நகல்கள். இங்கே விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை ஒரு கிராமமே வரிசையில் நின்று அடித்தது. தாங்குமா? 1970களின் நடுவில் எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் நாலில் மூன்று பம்பு ஓடவில்லை என்றது யுனிசெஃப் கணக்கு.

மாற்று வழி மகாராஷ்டிரத்தில் கிடைத்தது. ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் தண்ணீர்ப் பணி செய்துவந்த கிறிஸ்தவத் தொண்டு அமைப்புகள், எஃகால் ஆன, ஒரே அச்சில் ஆடும் உறுதியான பம்பை உருவாக்கியிருந்தன. அந்தச் சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து மார்க்-2 பிறந்தது. அதைச் செய்துகொடுத்தது பொதுத்துறை நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸின் சென்னைத் தொழிற்சாலை. களச் சோதனை நடந்தது கோயம்புத்தூர் வட்டாரக் கிராமங்களில். நிலத்தடி நீர் ஆழத்தில் கிடக்கும் பூமி, ஓயாத உபயோகம் என்று கடுமையான இடமாகப் பார்த்துத்தான் சோதித்தார்கள்.

கைப்பிடிக்கும் ராடுக்கும் நடுவே ஒரு செயினை வைத்ததில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. கைப்பிடி வளைந்து ஏறி இறங்கினாலும் செயின் ராடை நேர்கோட்டிலேயே இழுக்கும். ராடு வளையாது, சிலிண்டர் ஒருபக்கமாகத் தேயாது. அதைவிட முக்கியமான ஒரு முடிவும் எடுத்தார்கள். வடிவமைப்புக்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை. இந்தியத் தர நிர்ணயத்துக்குள் கொண்டுவந்து, எந்தப் பட்டறையும் செய்யலாம், ஆனால் சோதனையில் தேற வேண்டும் என்றார்கள். ஒரு கம்பெனியின் பம்புக்கு இன்னொரு கம்பெனியின் உதிரிப்பாகம் பொருந்தியது. 1990களின் நடுப்பகுதிக்குள் உலகெங்கும் ஐம்பது லட்சம் மார்க்-2 பம்புகள் நிறுவப்பட்டன.

இவ்வளவு நல்ல பம்பும் ஆள் இல்லாமல் ஓடாது என்பதை முதலில் புரிந்துகொண்ட இடங்களில் ஒன்று திருநெல்வேலி மாவட்டம். 1976 வாக்கில் அங்கே மூன்றடுக்கு முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஊரில் பம்பைக் கவனித்துக்கொள்ள ஒருவர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியும் தளவாடமும் உள்ள ஒரு குழு. பழுது என்றால் ஊர்க்காரர் ஒரு தபால் கார்டைப் போட்டால் போதும். இன்றைக்கு யாரிடம் சொல்வது என்றே தெரியாமல் மக்கள் காலிக்குடத்தோடு மறியலுக்கு உட்கார்வதைப் பார்க்கும்போது, அந்தத் தபால் கார்டை நினைத்து ஏங்கத் தோன்றுகிறது.

1980களில் காற்று திசை மாறியது. உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும், கிராமத்தாரே பழுதுபார்க்கும் பம்புதான் நிலைக்கும் என்றன. மறுபடியும் கோவைப் பகுதியில் சோதனை நடந்து, மார்க்-3 வந்தது. அதில் குழாய் அகலமானது. குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை உருவி வாஷரை மாற்றலாம். உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத தலித் பெண்கள் பலர் பயிற்சி பெற்று, ரெஞ்சும் கையுமாக ஊர் ஊராகப் போய்ப் பம்பைச் சரிசெய்தார்கள். அவர்களுக்கு வராத தொழில்நுட்பம் என்று எதுவும் இல்லை.

ஆனால் ‘ஊரே பார்த்துக்கொள்ளும்’ என்ற பேச்சில் ஒரு தட்டிக்கழிப்பும் ஒளிந்திருக்கிறது. நகரத்தில் குழாய் உடைந்தால் மாநகராட்சி ஆள் அனுப்புகிறது. தெருக்காரர்களே பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று யாரும் சொல்வதில்லை. கிராமத்து ஏழையிடம் மட்டும் இதைச் சொல்வது எந்த ஊர் நியாயம்? பயிற்சி கொடுத்தவர்கள் போய்விடுகிறார்கள். கூலி இல்லை, உதிரிப்பாகம் விற்கும் கடை ஐம்பது மைலுக்கு அப்பால். பயிற்சி பெற்றவர் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விடுகிறார். சகாராவுக்குத் தெற்கே இருபது ஆப்பிரிக்க நாடுகளின் விவரங்களைத் திரட்டி 2009-ல் வெளியான கணக்கின்படி, சராசரியாக 36 சதவீத அடிபம்புகள் ஓடவில்லை. அமிலத்தன்மையுள்ள நிலத்தடி நீரில் நாகம் பூசிய மலிவுக் குழாய்களை இறக்கி, சில ஆண்டுகளிலேயே அவை அரித்துப்போய்த் துருத்தண்ணீர் வந்த கதையும் அங்கே ஏராளம்.

அதே ஆப்பிரிக்காவிலிருந்துதான் தெளிவான பதிலும் வந்திருக்கிறது. கென்யாவின் வறண்ட கியூசோ பகுதியில், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பம்பின் கைப்பிடிக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். கைப்பிடி எத்தனை முறை ஆடுகிறது என்று கணக்கெடுத்துக் குறுஞ்செய்தியாக அனுப்பும். ஆட்டம் நின்றால் மெக்கானிக் கிளம்பிவிடுவார். ஒரு பழுதைச் சரிசெய்ய முன்பு சராசரியாக 27 நாளானது. கருவி வந்த பிறகு மூன்று நாளுக்குள் முடிந்தது. பணம் தர மாட்டார்கள் என்று நினைத்த கிராமங்கள், சொன்னபடி ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் தவணை கட்டத் தொடங்கின. பின்பு இதற்கென ஒரு பராமரிப்பு நிறுவனமே உருவானது. மக்கள் கட்டும் பணம் மட்டும் செலவுக்குப் போதவில்லை. மீதிக்கு ஓர் அறக்கட்டளை நிதி வேண்டியிருக்கிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. குடிதண்ணீருக்கு ஆகும் முழுச் செலவையும் மக்களிடமே வசூலிக்காத நாடுகள் பல உண்டு.

ஆக, பம்பு வாங்கும்போதே மெக்கானிக்கின் கூலியையும் சேர்த்து வாங்க வேண்டும். இதைச் செய்யாத எந்தத் திட்டமும் துரு வளர்க்கும் திட்டம்தான்.

நம் பக்கம் வருவோம். 2019-ல் ஜல் ஜீவன் திட்டம் வந்த பிறகு வீட்டுக்கு வீடு குழாய்தான் இலக்கு. அது சரியான இலக்கும்கூட. கொங்குப் பகுதியின் பல ஊர்களில், மார்க்-2 எட்டும் ஐம்பது மீட்டருக்கும் கீழே தண்ணீர் போய்விட்டது. அங்கே பம்பைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயனில்லை. தர்மபுரி போன்ற பகுதிகளில் ஃபுளூரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடிக்கவே கூடாது. ஆனால் நல்ல நீர் இன்னும் மேலே கிடக்கும் ஊர்களில், புயலடித்து மூன்று நாள் கரண்ட் இல்லாமல் மேல்நிலைத் தொட்டி காய்ந்து நிற்கும்போது, கையால் அடித்துத் தண்ணீர் எடுக்க இருப்பது அடிபம்பு ஒன்றுதான். அதைக் கைப்பிடி இல்லாத வெறும் கட்டையாக விட்டுவைப்பது பொறுப்பின்மை.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அன்று எழுந்து நின்று கேளுங்கள்: நம் ஊராட்சியில் அடிபம்பு எத்தனை, ஓடுவது எத்தனை, தண்ணீரைக் கடைசியாகப் பரிசோதித்தது எப்போது, பழுதானால் வரப்போகிறவர் யார். அந்த மெக்கானிக்கின் போன் நம்பரைப் பம்பு மேடையிலேயே பெயின்ட்டால் எழுதிவைக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.