திறந்த விளையாட்டு உரிமம்

திறந்த விளையாட்டு உரிமம் என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் விதிகளைப் பிற பதிப்பாளர்களும் கட்டணமின்றிப் பயன்படுத்துவதற்காக, ஐக்கிய அமெரிக்காவின் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட உரிம ஆவணம் ஆகும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் மூன்றாம் பதிப்போடு இது வெளிவந்தது. ஒரு துறையின் முதன்மை நிறுவனம் தன் அடிப்படை விதிகளைப் போட்டியாளர்களுக்கே திறந்துவிட்டது என்பதால் இது அக்காலத்தில் புதுமையாகக் கருதப்பட்டது. 2023ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இவ்வுரிமத்தைச் செல்லாததாக்க முயன்றபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. முயற்சி அம்மாத இறுதியிலேயே கைவிடப்பட்டது.

விளையாட்டும் அதன் வணிகமும்

பாத்திரமேற்பு விளையாட்டில் ஒருவர் நடுவராக இருந்து கதைச் சூழலை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, தாம் செய்ய விரும்புவதைச் சொல்வர். அது நிறைவேறுமா என்பதைப் பகடையும் விதிகளும் தீர்மானிக்கும். இவ்வகையில் வணிக நோக்கில் வெளிவந்த முதல் விளையாட்டு, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி 1974இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆகும். இதனை விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா நகரில் இயங்கிய டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்டது. முதல் அச்சில் 1000 படிகளே அடிக்கப்பட்டன.

இத்துறையின் பொருளியல் சற்று வேறுபட்டது. ஒரு குழுவினர் விதிநூலை ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகளுக்கு அது போதும். அதன்பின் அவர்களுக்குத் தேவைப்படுவன புதிய கதைக்களங்கள், நிலப்படங்கள், அரக்கர் தொகுப்புகள் போன்றவை. இவற்றைப் பெரும்பாலும் நடுவர் ஒருவரே வாங்குவார் என்பதால் விற்பனை குறைவு. எழுதும் உழைப்போ குறைவில்லை. ஆகவே முதன்மை நிறுவனத்துக்கு ஆதாயம் தராத இவ்வேலையைச் சிறு பதிப்பாளர்கள் செய்ய விரும்பினர். அவர்களை நண்பர்களாகக் கொள்வதா, ஊடுருவியவர்களாகக் கொள்வதா என்பதே இத்துறையில் நெடுங்காலமாக நிலவிய வினா.

சட்டமும் தெளிவான விடை தரவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு கருத்தையோ செய்முறையையோ எவரும் தனியுடைமை ஆக்கிக்கொள்ள முடியாது. அதனை எழுதிய சொற்களுக்கே பாதுகாப்பு உண்டு. இக்கொள்கை, கணக்குப் பதிவு முறை ஒன்றைப் பற்றி அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் 1879இல் தீர்க்கப்பட்ட வழக்கிலிருந்து வருவது. பகடை உருட்டும் முறை செய்முறைதான். ஆனால் ஒரு மந்திரத்தின் பெயர், அதன் விளைவு, அதனைப் பயன்படுத்தும் மந்திரவாதியின் இயல்பு ஆகியவை செய்முறையா, படைப்பா? நூறு பக்க விதிநூலில் எல்லைக்கோட்டை எங்கே இடுவது என்பதை அறிய வழக்காட வேண்டும். வழக்காடும் செலவைச் சிறு பதிப்பாளர் எவரும் தாங்கமாட்டார்.

வழக்குகளின் காலம்

தொடக்க ஆண்டுகளில் டி.எஸ்.ஆர். தாராளமாகவே நடந்துகொண்டது. இலினொய் மாநிலத்தில் 1976இல் தொடங்கப்பட்ட ஜட்ஜஸ் கில்ட் நிறுவனத்துக்குத் துணைநூல்களை வெளியிட அனுமதி வழங்கியது. விளையாட்டு பெருஞ்செல்வம் ஈட்டத் தொடங்கியபின் இப்போக்கு மாறியது. மேஃபேர் கேம்ஸ் நிறுவனம் 1982 முதல் 'ரோல் எய்ட்ஸ்' என்னும் வரிசையில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தோடு பயன்படுத்தத்தக்க நூல்களை வெளியிட்டது. வணிகப் பெயரை எவ்வாறு அச்சிடலாம் என்பது குறித்து இரு நிறுவனங்களும் 1984இல் உடன்பாடு செய்துகொண்டன. எனினும் 1991இல் டி.எஸ்.ஆர். வழக்குத் தொடுத்தது. இறுதியில் அந்நூல் வரிசையையே விலைக்கு வாங்கிக்கொண்டது.

இன்னொரு வழக்கு வருத்தத்திற்குரியது. டி.எஸ்.ஆரிலிருந்து வெளியேறிய கைகாக்ஸ் 1992இல் கேம் டிசைனர்ஸ் ஒர்க்ஷாப் வழியாகப் புதிய விளையாட்டொன்றை வெளியிட்டார். டி.எஸ்.ஆர். அதன்மீதும் வழக்குத் தொடுத்து, 1994இல் அதன் உரிமைகளை வாங்கி, விளையாட்டை நிறுத்திவிட்டது. முதல் விளையாட்டை உருவாக்கியவரே இரண்டாவதை எழுத இயலாமற் போயிற்று.

விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமும் இத்தகைய வழக்கிலிருந்து மயிரிழையில் தப்பியதே. பீட்டர் அட்கிசன் முதலானோர் 1990இல் தொடங்கிய இந்நிறுவனம், 1992இல் கடவுளரை விளையாட்டில் சேர்ப்பது பற்றிய நூலொன்றை வெளியிட்டது. பிற நிறுவனங்களின் விளையாட்டுகளோடு அதனைப் பொருத்தும் குறிப்புகள் அதில் இருந்தன. தமது விளையாட்டைக் குறிப்பிட்டதற்காகப் பல்லேடியம் புக்ஸ் வழக்குத் தொடுத்தது. அப்போது விளையாட்டு உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவராக இருந்த மைக் பாண்ட்சுமித் இருவருக்கும் இடையே பேசி 1993இல் சமரசம் செய்துவைத்தார். அவரும் ஒரு போட்டிப் பதிப்பாளர் என்பது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில் வெளிவந்த 'மேஜிக்: த கேதரிங்' சீட்டு விளையாட்டு, நலிந்திருந்த அந்நிறுவனத்தைச் செல்வமிக்கதாக்கியது. கடனில் மூழ்கியிருந்த டி.எஸ்.ஆரை அது 1997இல் வாங்கியது. பின்னர் 1999இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் விசர்ட்ஸை வாங்கியது.

உரிமத்தின் தோற்றம்

இவ்வுரிமத்தை முன்மொழிந்து நிறைவேற்றியவர் விசர்ட்ஸின் வணிகப் பொறுப்பாளராக இருந்த ரையன் டான்சி. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் குனூ பொது உரிமம் இதற்கு முன்மாதிரியாக அமைந்தது.

அவருடைய வாதம் எளியது. ஒரு விளையாட்டின் மதிப்பு, அதனை ஆடத் தெரிந்தோர் எத்தனை பேர் என்பதில் உள்ளது. தொலைபேசி வைத்திருப்போர் பெருகப் பெருகத் தொலைபேசியின் பயன் பெருகுவது போன்றது இது. பதிப்பாளர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி விதிகளை உருவாக்கினால் ஆட்டக்காரர்கள் சிதறுவர். எல்லோரும் ஒரே விதிகளைக் கொண்டு எழுதினால், யார் எழுதிய கதைக்களத்தை வாங்கினாலும் அடிப்படை விதிநூலை விசர்ட்ஸிடமே வாங்க வேண்டியிருக்கும். ஆகவே இதனைக் கொடை என்று மட்டும் கூறுவது பொருந்தாது; நல்லெண்ணமும் கணக்கும் இதில் கலந்திருந்தன. எனினும் வழக்குக்கு அஞ்சிய சிறு பதிப்பாளர்களுக்கு, வழக்குத் தொடுக்கமாட்டோம் என்ற எழுத்துவழி உறுதியே பெரிதாக இருந்தது.

உள்ளடக்கம்

உரிமம் ஒரு நூலின் உள்ளடக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறது. எவரும் எடுத்தாளக்கூடிய பகுதி 'திறந்த உள்ளடக்கம்' எனப்படும். கதைமாந்தர் பெயர்கள், உலகங்கள், ஓவியங்கள் போன்று பதிப்பாளர் தமக்கென வைத்துக்கொள்பவை 'தயாரிப்பு அடையாளம்' எனப்படும். எடுத்தாள்பவர், எவரெவரிடமிருந்து எடுத்தார் என்ற பட்டியலைத் தமது நூலில் அச்சிட வேண்டும். சில நூல்களில் இப்பட்டியல் ஒரு குலமரபு வரிசை போல நீண்டு செல்வதைக் காணலாம். எந்தெந்த விதிகள் திறந்தவை என்பதை விசர்ட்ஸ் தனியே ஓர் ஆதார ஆவணமாக வெளியிட்டது. பல கண்களுடைய 'பிஹோல்டர்', மனத்தைத் தாக்கும் 'மைண்ட் ஃபிளேயர்' முதலிய அரக்கர்கள் அதில் சேர்க்கப்படவில்லை.

பெறுபவர் விட்டுக்கொடுப்பதும் உண்டு. வேறொருவரின் வணிகப் பெயரைச் சொல்லி 'இன்ன விளையாட்டோடு பொருந்தும்' என்று விளம்பரம் செய்வதை உரிமம் தடுக்கிறது. பொருத்தத்தைக் காட்டும் 'டி20' சின்னத்தை அச்சிடத் தனியான வேறோர் உரிமம் இருந்தது. அதனை விசர்ட்ஸ் மாற்றவோ திரும்பப் பெறவோ முடியும். 2003இல் அதில் ஒழுக்க நெறி விதிகளையும் சேர்த்தது. திறந்த விளையாட்டு உரிமமோ நிரந்தரமானது என்று எழுதப்பட்டிருந்தது. நிரந்தரமானது என்று இருந்ததே தவிர, திரும்பப் பெற இயலாதது என்ற சொல் அதில் இல்லை. மேலும், உரிமத்தின் 'அங்கீகரிக்கப்பட்ட' எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம் என்றே அது கூறியது. இவ்வொரு சொல் இருபது ஆண்டுகளுக்கு மேல் எவர் கண்ணையும் உறுத்தாமல் கிடந்தது.

பெருக்கமும் வீழ்ச்சியும்

2000 ஆகஸ்டில் மில்வாக்கி நகரில் நடந்த ஜென் கான் விளையாட்டு மாநாட்டில் மூன்றாம் பதிப்பு விற்பனைக்கு வந்த அதே நாளில், கிரீன் ரோனின், அட்லஸ் கேம்ஸ் ஆகியோரின் கதைக்களங்களும் அருகிலேயே விற்கப்பட்டன. அடுத்த மூன்றாண்டுகளில் எண்ணற்ற சிறு நிறுவனங்கள் தோன்றின. தரம் குறைந்த நூல்களும் குவிந்தன. 2003இல் விசர்ட்ஸ் விதிகளைத் திருத்தி 3.5 பதிப்பை வெளியிட்டபோது, கடைகளில் தேங்கியிருந்த பழைய நூல்கள் விலைபோகவில்லை. பல நிறுவனங்கள் மறைந்தன.

தப்பியவர்கள் விதிகளைத் தமக்கேற்ப வளைத்தவர்களே. கிரீன் ரோனின் 2002இல் அதே அடிப்படையில் மீவீரர் விளையாட்டு ஒன்றை உருவாக்கியது. 2006இல் வந்த 'ஓஸ்ரிக்' என்னும் நூல், அச்சில் இல்லாதிருந்த பழைய டி.எஸ்.ஆர். விதிகளை இவ்வுரிமத்தின் துணைகொண்டு மீட்டெழுதியது. டான்சியின் கணக்கில் இது இருந்திருக்குமா என்பது ஐயமே. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸோடு தொடர்பில்லாத 'ஃபேட்' போன்ற விளையாட்டுகளும் இவ்வுரிமத்தையே ஏற்றன.

பாத்ஃபைண்டர்

பைசோ நிறுவனம் 2002இல் லிசா ஸ்டீவன்ஸ் முதலானோரால் தொடங்கப்பட்டது. ஸ்டீவன்ஸ் விசர்ட்ஸின் தொடக்ககால ஊழியர். விசர்ட்ஸின் 'டிராகன்', 'டஞ்சன்' இதழ்களை அனுமதி பெற்று நடத்தி வந்த பைசோவிடமிருந்து அவ்வனுமதி 2007இல் திரும்பப் பெறப்பட்டது. 2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது, விசர்ட்ஸ் திறந்த உரிமத்துக்கு மாறாகக் கடுமையான புதிய உரிமத்தை முன்வைத்தது. அதனை ஏற்று ஒரு நூல் வரிசையை மாற்றியவர், அவ்வரிசையைப் பழைய உரிமத்தில் தொடர்ந்து வெளியிட முடியாது என்பது அதன் முதல் வடிவிலிருந்த விதி.

பைசோ அதனை ஏற்காமல், கைவிடப்பட்ட 3.5 பதிப்பின் திறந்த விதிகளையே திருத்தி, வாசகரிடம் கருத்துக் கேட்டு, 2009இல் பாத்ஃபைண்டர் விளையாட்டை வெளியிட்டது. வணிக இதழான ஐ.சி.வி.2 வெளியிடும் கடை விற்பனைத் தரவரிசையில் இது 2011இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை முந்தியது. விசர்ட்ஸ் எழுதிய விதிகளே விசர்ட்ஸைத் தோற்கடித்தன எனலாம். இத்தனைக்கும் வழக்கு எதுவும் எழவில்லை. உரிமம் அதற்கு இடம் தரவில்லை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இழந்த இடத்தை மீட்டது. அதன் ஆதார ஆவணம் 2016 சனவரியில் மீண்டும் பழைய உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது.

2023 சர்ச்சை

புதிய உரிமத்தின் வரைவு ஒன்று கசிந்ததை 2023 சனவரி 5 அன்று ஊடகவியலாளர் லிண்டா கொடேகா வெளியிட்டார். பழைய 1.0ஏ பதிப்பு இனி அங்கீகரிக்கப்பட்டதன்று என்று அவ்வரைவு கூறியது. ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் ஈட்டுவோர் கணக்குக் காட்ட வேண்டும். 7,50,000 டாலருக்கு மேற்பட்ட வருவாயில் 25 விழுக்காட்டைச் செலுத்த வேண்டும். இது இலாபத்தில் அன்று, வருவாயில். அச்சுக்கூலி, ஓவியர் ஊதியம், அஞ்சல் செலவு போக இவ்வளவு மிஞ்சுவது நூல் வணிகத்தில் அரிது. மேலும், பிறர் எழுதியவற்றை விசர்ட்ஸ் தானும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையையும் வரைவு கோரியது.

பணத்தைவிட நம்பிக்கை முறிவே பெரிதாகப் பேசப்பட்டது. எதிர்காலப் பதிப்பு பிடிக்காவிட்டால் பழையதையே தொடரலாம் என்று விசர்ட்ஸே தனது வினாவிடைப் பக்கத்தில் முன்னர் விளக்கியிருந்தது. அவ்விளக்கத்தை நம்பித் தொழில் தொடங்கியவர்கள் பலர். உரிமத்தைத் திரும்பப் பெறுவது தமது நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை என்று டான்சியும் வெளிப்படையாகக் கூறினார். டி அண்ட் டி பியாண்ட் இணையச் சேவைக்குச் செலுத்திவந்த சந்தாக்களை ஆட்டக்காரர் பலர் நிறுத்தினர்.

போட்டிப் பதிப்பாளர்கள் இதுவரை காணாத வகையில் ஒன்றுசேர்ந்தனர். சனவரி 12 அன்று பைசோ, எந்த ஒரு விளையாட்டு நிறுவனத்துக்கும் சொந்தமாகாத புதிய உரிமத்தை அறிவித்தது. கோபோல்ட் பிரஸ், கேயாசியம், கிரீன் ரோனின் முதலியவை உடன் நின்றன. இவர்களுள் கேயாசியம் சொந்த விதிகளைக் கொண்ட பழைய நிறுவனம். பழைய உரிமம் ஒழிந்தால் அதன் விளையாட்டுகளுக்குப் பெரிய இழப்பு இல்லை. புதிய உரிமத்தை எழுதும் பொறுப்பு அசோரா சட்ட நிறுவனத்திடம் விடப்பட்டது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான பிரயன் லூயிஸ், விசர்ட்ஸில் பணியாற்றியபோது 2000ஆம் ஆண்டு உரிமத்தின் சட்டக் கட்டமைப்பை உருவாக்கியவர்.

விசர்ட்ஸ் சனவரி 19 அன்று திருத்திய வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 15,000க்கு மேற்பட்டோர் விடையளித்தனர். அவர்களுள் 89 விழுக்காட்டினர் பழைய உரிமத்தைச் செல்லாததாக்குவதில் மனநிறைவில்லை என்றனர். சனவரி 27 அன்று அந்நிறுவனம் 1.0ஏ உரிமத்தை அப்படியே விட்டுவிடுவதாக அறிவித்தது. அத்துடன் 5.1 ஆதார ஆவணம் முழுவதையும் படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் வெளியிட்டது. இவ்வுரிமம் விசர்ட்ஸின் கையில் இல்லாத ஒன்று. வழங்கியபின் திரும்பப் பெற இயலாதது.

பின்னர் நிகழ்ந்தவை

பைசோவின் முயற்சி 'ஓர்க்' உரிமம் என்ற பெயரில் 2023 நடுப்பகுதியில் முழுமை பெற்றது. கோபோல்ட் பிரஸ் தனது சொந்த விதிநூலான 'டேல்ஸ் ஆஃப் த வேலியண்ட்' விளையாட்டை 2024இல் வெளியிட்டது. விசர்ட்ஸ் 2024இல் திருத்திய விதிகளுக்கான 5.2 ஆதார ஆவணத்தை 2025 ஏப்ரலில் படைப்பாக்கப் பொதும உரிமத்திலேயே வெளியிட்டது.

பழைய உரிமம் காப்பாற்றப்பட்டபோதும் பைசோ அதற்குத் திரும்பவில்லை. 2023 நவம்பர் முதல் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் விதிநூல்கள் ஓர்க் உரிமத்தின்கீழ் திருத்தி வெளியிடப்படலாயின. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து வந்த அறச்சார்பு முறையும், நிறத்தாலும் உலோகத்தாலும் வகுக்கப்பட்ட டிராகன்களும் அவற்றிலிருந்து நீக்கப்பட்டன. ஆட்டக்காரர்கள் நன்கறிந்த 'மேஜிக் மிசைல்' மந்திரம் அந்நூல்களில் 'ஃபோர்ஸ் பராஜ்' என்று பெயர் மாறியுள்ளது.