கயாக் படகில் போகிறீர்களா? திரும்பி வர வழி பார்த்து ஏறுங்கள்!

லாஸ்பேட்டையில் ஆறு கிடையாது. கல்லூரிகள் உண்டு. விமான நிலையம் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கவர்னர் லா துரையின் பெயரைத் தாங்கிய ஊர் அது.

ஆனால், ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அந்த ஊர் வாலிபர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளுமா? மோட்டார் சைக்கிளை எடுக்கிறார்கள். கடலூர் சாலையில் தெற்கே போகிறார்கள். முருங்கப்பாக்கம் வருகிறது. அரியாங்குப்பம் வருகிறது. அதையும் தாண்டினால் நோணாங்குப்பம். அங்கே சுண்ணாம்பாறு. தண்ணீரில் படகுகள்!

பெரிய படகில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து போவது பழைய கதை. "நானே துடுப்புப் போட வேண்டும்" என்பதுதான் இன்றைய ஆசை. அந்த ஆசைக்கு ஏற்ற படகு "கயாக்".

ஆசைப்படுவதில் தவறு இல்லை. அது உடம்புக்கு நல்லது. மனதுக்கும் நல்லது. ஆனால், புதிதாக ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகள் சில உண்டு. அவை சின்னத் தவறுகளாகத்தான் தெரியும். தண்ணீரில் சின்னத் தவறு என்று எதுவும் இல்லை!

அது என்ன படகு?

கயாக் ஒல்லியான படகு. ஒருவர் உட்காரலாம். சிலவற்றில் இருவர் உட்காரலாம். துடுப்பு ஒன்றுதான். ஆனால், அதன் இரண்டு முனைகளும் அகன்று இருக்கும். இடம், வலம் என்று மாறி மாறித் தள்ள வேண்டும்.

இந்தப் படகு பனி நாட்டில் பிறந்தது. கிரீன்லாந்து, அலாஸ்கா முதலிய இடங்களில் வாழும் பழங்குடி மக்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். மரத்தாலும் எலும்பாலும் கூடு கட்டுவார்கள். அதன் மேல் "சீல்" என்னும் கடல் விலங்கின் தோலைப் போர்த்துவார்கள். அதில் ஏறி வேட்டைக்குப் போவார்கள். 1936-ம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கயாக் பந்தயமும் சேர்க்கப்பட்டது.

நமக்கும் இது முற்றிலும் புதிது அல்ல. நம் கடற்கரை மீனவர்கள் கட்டுமரத்தில் போனவர்கள். "கட்டுமரம்" என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலேயர்கள் "கேட்டமரான்" என்று ஆக்கிக்கொண்டார்கள். இன்று கட்டுமரங்கள் குறைந்துவிட்டன. பைபர் படகுகள் வந்துவிட்டன. ஆனால், மீனவரின் பழக்கம் ஒன்று மாறவில்லை. அவர் முதலில் காற்றைப் பார்ப்பார். பிறகு தண்ணீரைப் பார்ப்பார். அதன் பிறகுதான் படகைத் தள்ளுவார்.

புதிதாகப் போகிறவர் இந்த இரண்டையும் பார்ப்பது இல்லை. அதுதான் முதல் தவறு. பெரிய தவறும் அதுதான்!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர் ஒரு மணி நேரத்தில் சுமார் 4 கிலோ மீட்டர் போவார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஒரு மணிக்கு 3 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுகிறது.

நீரோட்டத்தோடு போனால் அவருடைய வேகம் 7 கிலோ மீட்டர். "அடடா! நமக்கு எவ்வளவு நன்றாக வருகிறது!" என்று மகிழ்ந்து போவார். 9 நிமிடத்தில் ஒரு கிலோ மீட்டர் போய்விடுவார்.

இப்போது திரும்ப வேண்டும். நீரோட்டத்தை எதிர்க்க வேண்டும். வேகம் என்ன? வெறும் ஒரு கிலோ மீட்டர்! 9 நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பிக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். தோள் வலிக்கும். உள்ளங்கை கொப்புளிக்கும். வெயில் கொளுத்தும். தண்ணீர் தாகம் எடுக்கும்.

பலர் ஆபத்தில் சிக்குவது இப்படித்தான். போகும்போது அல்ல, திரும்பும்போது!

ஆகவே, முதலில் நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் எதிராகப் போங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே கஷ்டமான பாதியை முடித்துவிடுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றும் தண்ணீரும் உங்களைத் தள்ளிக்கொண்டு வந்து கரை சேர்க்கும்.

முகத்துவாரம் பக்கம் போகாதீர்கள்

செஞ்சிப் பக்கம் இருந்து வருவது சங்கராபரணி ஆறு. அதன் தண்ணீர்தான் அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிந்து கடலில் சேருகிறது. கடலை ஒட்டிய பகுதியில் கடல் நீர் தினமும் உள்ளே ஏறும், பிறகு வடியும். அமாவாசை, பவுர்ணமி நாட்களில் இந்த ஏற்றமும் வடிதலும் அதிகம்.

முகத்துவாரம் திறந்திருந்து தண்ணீர் வடியும் நேரத்தில், அங்கே இழுப்பு பலமாக இருக்கும். சின்னப் படகைக் கடலுக்குள் கொண்டுபோய்விடும். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகமும் இருக்கிறது. விசைப்படகுகள் வந்து போகும். தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் சிறிய கயாக், விசைப்படகு ஓட்டுகிறவர் கண்ணில் எளிதில் படாது. புதியவர்களுக்கு அது இடம் அல்ல.

அமைதியான கடலை நம்பலாமா?

புதுச்சேரிக்குக் கிழக்கே கடல். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலை வேளையில் பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வீசும். அதாவது, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது கரையோரத்தில் கடல் தாம்பாளம் போல் கிடக்கும். "இன்று அலையே இல்லை" என்று தோன்றும்.

அந்தக் காற்றுதான் அலையை அடக்கி வைத்திருக்கிறது. அதே காற்றுதான் உங்கள் படகையும் கடலுக்குள் தள்ளும்! கரையிலிருந்து விலக விலகக் காற்று பலக்கும். திரும்பிப் பார்த்தால் தென்னை மரங்கள் தீக்குச்சி போல் தெரியும்.

விமானிகள் காற்றின் திசையை அறியாமல் விமானத்தை இறக்குவது இல்லை. அத்தனை பெரிய விமானத்துக்கே காற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சின்னஞ்சிறு கயாக்குக்குப் பார்க்க வேண்டாமா?

கொடியைப் பாருங்கள். தென்னங்கீற்றைப் பாருங்கள். ஒரு பிடி மணலை அள்ளித் தூவிப் பாருங்கள். காற்று கடலை நோக்கிப் போனால், நீங்கள் கடலை நோக்கிப் போகாதீர்கள்.

சட்டை இருக்கிறது, உடம்பில் இல்லை!

படகுத் துறையில் மிதவைச் சட்டை கொடுப்பார்கள். சிலர் அதை ஆசனமாகப் போட்டு உட்காருகிறார்கள். சிலர் காலடியில் வைக்கிறார்கள். சிலர் மாட்டிக்கொள்கிறார்கள், ஆனால் பட்டையைப் பூட்டுவது இல்லை. "வியர்க்கிறது" என்கிறார்கள். "எனக்கு நீச்சல் தெரியும்" என்கிறார்கள்.

படகு கவிழ்ந்த பிறகு தண்ணீருக்குள் சட்டையை மாட்டுவது மிகவும் கஷ்டம். நீச்சல் தெரிந்தவருக்கும் தலையில் அடிபடலாம். கை கால் பிடித்துக்கொள்ளலாம்.

2011-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதியை மறக்க முடியுமா? கிறிஸ்துமஸ் தினம். பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்தது. 22 உயிர்கள் போயின. 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இரண்டும் கடும் புயலில் நடந்தவை அல்ல. மக்கள் மகிழ்ச்சியாகப் பொழுது போக்கிய நேரத்தில் நடந்தவை.

மிதவைச் சட்டையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எல்லாப் பட்டைகளையும் பூட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரைச் சட்டையின் தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காது வரை ஏறி வந்தால் அது தொளதொளப்பு. இறுக்குங்கள். அல்லது வேறு அளவு கேளுங்கள். குழந்தைக்குக் குழந்தைச் சட்டைதான் போட வேண்டும். பெரியவர் சட்டைக்குள் குழந்தை நழுவிப் போய்விடும்.

"ஐயோ! படகில் ஓட்டை!"

கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கொடுக்கும் கயாக் பெரும்பாலும் மேலே திறந்தது. அதன் அடித்தட்டில் துளைகள் இருக்கும். அவற்றின் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் மேலே வரும். உடனே சிலர் பயந்து எழுந்து நிற்பார்கள். எழுந்து நின்றதும் படகு கவிழும்!

அந்தத் துளைகள் ஓட்டைகள் அல்ல. உள்ளே தெறிக்கும் தண்ணீர் வடிவதற்காக வைத்தவை. படகின் உடல் உள்ளுக்குள் காற்று நிறைந்த பெட்டி. அது மிதக்கும். நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

படகில் எழுந்து நிற்காதீர்கள். போட்டோவுக்காக ஒரு பக்கம் சாயாதீர்கள். ஏறும்போதும் முழங்கால் அளவுத் தண்ணீரில் படகை நிறுத்தி, நடுவில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

துடுப்புப் பிடிப்பது எப்படி?

துடுப்பைத் தலை மேல் வைத்துப் பிடியுங்கள். முழங்கை இரண்டும் "ட" எழுத்துப் போல் மடங்க வேண்டும். அதுதான் கைகளுக்கு இடையே இருக்க வேண்டிய தூரம். துடுப்பு முனையின் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். பலர் இதைத் திருப்பிப் பிடித்துவிட்டு, "படகு போகவில்லையே" என்று வருந்துகிறார்கள்.

கையால் மட்டும் இழுக்காதீர்கள். பத்து நிமிடத்தில் ஓய்ந்துபோவீர்கள். தயிர் கடைகிறவர் உடம்பைத் திருப்பிக் கடைவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுபோல் இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்புங்கள். பலம் முதுகிலிருந்து வரும். துடுப்பை உடும்புப் பிடியாகப் பிடிக்கவும் வேண்டாம்.

கவிழ்ந்துவிட்டால்?

பயப்படாதீர்கள். ஆனால், ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். படகை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தாதீர்கள்!

கரை கிட்டத்தில் இருப்பது போல் தெரியும். நீந்தினால் தூரம் தெரியும். தண்ணீரில் ஒரு தலை தேடுகிறவர் கண்ணுக்குச் சிறு புள்ளி. படகோ தூரத்திலிருந்தே தெரியும். அது மிதக்கவும் செய்யும். ஆகவே, படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். துடுப்பையும் விடாதீர்கள்.

மேலே திறந்த கயாக்கில் திரும்ப ஏற மூன்று படிகள். படகை நிமிர்த்துங்கள். காலை உதைத்து, படகின் நடுவில் குறுக்காக வயிற்றால் ஏறிப் படுங்கள். புரண்டு உட்காருங்கள். பிறகு கால்களை உள்ளே போடுங்கள். வயிறு, உட்காருமிடம், கால் – இதுதான் வரிசை. முதல் நாளே இடுப்பளவுத் தண்ணீரில் இதை நான்கு முறை பழகுங்கள். கற்றுக்கொடுப்பவர் இதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

பிறர் தண்ணீரில் விழுந்து தத்தளித்தால் குதித்துவிடாதீர்கள். கட்டிப்பிடித்து உங்களையும் இழுத்துவிடுவார். கயிற்றை வீசுங்கள். துடுப்பை நீட்டுங்கள். புடவையோ வேட்டியோ கூட உதவும். வெளியே எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சு நின்றிருந்தால், பழகியவர் வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பை அழுத்த வேண்டும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

மழைக்காலத்தில் வேண்டாம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் மழை. உள்ளூரில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை ஆற்றில் வரும். வீடூர் அணை திறந்தால் சங்கராபரணியில் வெள்ளம். 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் உங்கள் படகு கரையில்தான் இருக்க வேண்டும். இடி கேட்டாலும் உடனே கரை ஏறுங்கள்.

வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்

எங்கே போகிறோம், யாரோடு போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் – இந்த மூன்றையும் வீட்டில் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள். குடித்துவிட்டு ஏறவே ஏறாதீர்கள். தொப்பி, குடிதண்ணீர், ஊதல், தண்ணீர் புகாத பையில் செல்போன் – இவை கையில் இருக்கட்டும். வேட்டி, லுங்கி, புடவை காலைச் சுற்றும், வேண்டாம். கழிமுகத்தில் சிப்பி காலைக் கிழிக்கும். செருப்புக்குப் பதில் காலோடு ஒட்டிய ஷூ போடுங்கள்.

ஆபத்து என்றால் எந்த இடத்திலும் 112. கடலோரக் காவல் போலீசுக்கு 1093. கடலில் சிக்கியவரை மீட்கும் இந்தியக் கடலோரக் காவல் படைக்கு 1554. இன்றே செல்போனில் பதிந்து வையுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "தண்ணீர்ப் பக்கமே போகாதே" என்று பிள்ளைகளை அதட்டிப் பயன் இல்லை. அவர்கள் சொல்லாமல் போவார்கள். நீச்சல் கற்றுக்கொடுங்கள். பட்டையைப் பூட்டக் கற்றுக்கொடுங்கள். காற்றைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்றார்கள் பெரியவர்கள். கயாக்கில் ஏறுகிறவர் ஆழத்தோடு இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: திரும்பும் வழி. அதைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள். ஆனந்தமாகப் போய் வாருங்கள்!