எல்.சி. என்னும் ஈரெழுத்து

2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிவந்த கப்பலின் பொருட்டு மக்கள் வங்கி செலுத்தவிருந்த எல்.சி. பணத்துக்குக் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்ததும், அதன் பின்னர் சீனத் தூதரகம் அவ்வங்கியைக் கரும்பட்டியலில் சேர்த்ததும், அந்நாட்களில் வானொலியிலும் பத்திரிகைகளிலும் பெரிதும் அடிபட்ட செய்திகளாகும். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடைப்பட்ட றொசல்லத் தோட்டப் பகுதியில் அச்செய்தியைக் கேட்ட தொழிலாளி ஒருவர், அதே ஈரெழுத்துக்கள் தாம் முதுகில் சுமந்து தெளிக்கும் மருந்தின் பாதுகாப்புத் தாளிலும் இடம்பெறக்கூடும் என்பதை அறிந்திருத்தல் மிக அவசியம்.

வங்கியில் எல்.சி. என்பது நாணயக் கடிதம். குறித்த ஆவணங்கள் கைக்குக் கிடைத்ததும் பொருளை விற்றவருக்குப் பணம் தருவோம் என்று, வாங்குபவர் சார்பில் வங்கி அளிக்கும் வாக்குறுதியே அது. அப்பசளையின் மாதிரிகளில் தீய பற்றீரியா உண்டென்று பரிசோதனையில் கண்டு, சரக்கு இறக்கப்படாத நிலையிலும், 2022 ஜனவரியில் சுமார் 69 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்ததென்றால், அவ்வாக்குறுதியின் பலம் எத்தகையதென்பது விளங்கும். எல்.சி. தடைப்பட்டது என்ற செய்தியால் நம் சேமிப்புப் புத்தகத்துக்கு ஆபத்து என்று கலங்க வேண்டியதில்லை. ஐயம் எழுந்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்தை அழைத்துக் கேட்கலாம்.

இரசாயனத்தில் அவ்வெழுத்துக்களின் பொருள் வேறு. எல்.சி. 50 என்பது, காற்றிலோ நீரிலோ ஒரு நச்சுப்பொருள் எவ்வளவு செறிந்திருந்தால், குறித்த காலத்துக்குள் பரிசோதனைப் பிராணிகளில் பாதி மடியும் என்பதன் அளவு. இங்கே எண் சிறியதாக இருப்பது ஆறுதலன்று. எண் குறையக் குறைய நஞ்சின் வீரியம் மிகுதி. மீன்களுக்கு இந்த அளவு மிகக் குறைவாகக் காட்டப்பட்ட மருந்தின் தாங்கியை, லயத்து மக்கள் குடிநீர் எடுக்கும் ஓடையில் கழுவுவது கொடிய செயல். எல்.டி. 50 என்பது வாய் வழியாகவோ தோல் வழியாகவோ உட்சென்று, அவ்வாறே பிராணிகளில் பாதியை மடியச்செய்யும் அளவைக் குறிக்கும். தெளிப்பவரின் சருமத்தைப் பற்றிய எச்சரிக்கை பெரும்பாலும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

என் மனத்தை வருத்துவது இந்த எழுத்துக்களின் கடினமன்று. மருந்தைக் கலப்பது ஸ்டோரில், தெளிப்பது மலையில் என்று வேலை பிரிந்திருக்குமிடத்தில், கலந்த நீரைச் சுமப்பவர் மேற்சீட்டைக் கண்ணாலும் காணாமலே ஆயுளைக் கழித்துவிட முடிகிறது என்பதே அது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் பதிவாளர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அலுவலகம் வைத்திருக்கும் பதிவு விபரங்களை, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். கையுறையும் முகமூடியும் தராமல் மருந்தடிக்கச் சொன்னால், தோட்டத்துத் தலைவர் மூலமோ நேரடியாகவோ தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறையிடுங்கள். வேலையின் நிமித்தம் ஊறு நேர்ந்தால், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பரிகாரம் கோரலாம். அதற்கு அன்றைய திகதியையும் மருந்தின் பெயரையும் உடனே குறித்துவைத்தல் வேண்டும்.

தலைசுற்றல், வாந்தி, கண்பார்வை மங்கல், மூச்சுத்திணறல் கண்டால் வேலையை நிறுத்தி, நனைந்த ஆடையைக் களைந்து, தோலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மருந்துப் போத்தலின் மேற்சீட்டும் நோயாளியோடு செல்ல வேண்டும். எந்த மாற்றுமருந்தைக் கொடுப்பதென்று வைத்தியர் தீர்மானிக்க அது பேருதவியாகும்.