வலைத்தளமும் வழிகாட்டுப் பட்டியும்

நூலின் உள்ளடக்கம் ஓரிடத்தில் நிற்பது. வலைத்தளத்தின் வழிகாட்டுப் பட்டியோ பக்கந்தோறும் வருவது. ஆதலின் அஃது எங்கும் ஒரே நிரலில் அமைதல் வேண்டும்.

அதனை அமைக்கும் முறைகள் மூன்று. பக்கந்தோறும் பட்டியைத் தனித்தனியே எழுதுதல் முதலாவது. ஐந்தாறு பக்கங்களுக்கு இது போதும். பக்கங்கள் நூறாயின், ஒரு பிரிவைச் சேர்க்கவும் நூறிடத்தில் திருத்த நேரும். ஒன்று விடுபடினும் ஒருமை குலையும். பட்டியைத் தனிக்கோப்பாக வைத்து, பக்கத்தை அனுப்புகையில் வழங்கிக் கணினியே இணைக்குமாறு செய்தல் இரண்டாவது. பலர் கூடித் தொகுக்கும் பெருந்தளத்துக்கு, பக்க அமைப்பு முழுவதையும் மென்பொருளிடம் ஒப்படைக்கும் மூன்றாவது முறையே ஏற்றது. 2005 இல் தொடங்கிய ஈழத்து எண்ணிம நூலகமாகிய ‘நூலகம்’ மீடியாவிக்கி மென்பொருளால் இயங்குவது. அம்மென்பொருளில் பக்கப்பட்டி ஓரிடத்தில் மட்டும் எழுதப்படும். அங்கே ஒரு வரி மாறின் எல்லாப் பக்கங்களிலும் மாறும்.

இஃது அழகு பற்றியது மட்டுமன்று. இரத்மலானையிலே விழிப்புலனற்ற மாணவர் பயிலும் பாடசாலை உண்டு. அத்தகையோர், திரையிலுள்ளதை உரத்துப் படிக்கும் மென்பொருளின் துணையால், பட்டியைச் செவியாலேயே அறிவர். நிரல் மாறின், பழகிய வழி பயன்படாது. முதலிலிருந்து கேட்டல் வேண்டும். 2008 இல் வெளிவந்த வலை அணுக்க நெறிகளின் இரண்டாம் பதிப்பும் இவ்வொழுங்கையே வேண்டுகின்றது. ஒருமுறை எழுதி எங்கும் பயன்கொள்ளுதலே தக்க நெறி என்க.