விலாவுக்குள் காற்று

நல்ல உயரம், ஒல்லி உடம்பு, இருபது வயது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சின் ஒரு பக்கம் சுருக்கென்று குத்துகிறது. மூச்சை இழுத்தால் வலி கூடுகிறது. வாயுப் பிடிப்பு என்று வீட்டில் ஓம வாட்டர் கொடுப்பார்கள். காற்று புகுந்திருப்பது நிஜம்தான், ஆனால் வயிற்றில் இல்லை. நுரையீரலுக்கும் விலாச் சுவருக்கும் நடுவில். டாக்டர்கள் இதை நியூமோதொராக்ஸ் என்பார்கள்.

சிலருக்கு நுரையீரலின் உச்சியில் அப்பளத்தில் எழும்புவது போலச் சிறு கொப்புளங்கள் இருக்கும். ஒன்று உடைந்தால் காற்று கசியும். நுரையீரலைச் சுற்றியுள்ள இடைவெளியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால்தான் நுரையீரல் விரிந்தே நிற்கிறது. காற்று புகுந்ததும் சுருங்கிவிடும். இது வர அடிபட்டிருக்க வேண்டியதில்லை, பளு தூக்கியிருக்க வேண்டியதில்லை. சிகரெட் பழக்கம் இருந்தால் ஆபத்து பல மடங்கு.

கசிவு சின்னதாக இருந்தால் ஸ்டெதாஸ்கோப் ஏமாற்றிவிடும். எக்ஸ்ரேயில் நுரையீரலின் விளிம்பு மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். கோட்டுக்கு வெளியே ரத்தக் குழாய்களின் நிழலே இல்லாத கறுப்பு. காசநோய் போன்றவற்றால் ஏற்கெனவே கெட்டுப்போன நுரையீரல் என்றால் வைத்தியமே வேறு. மூச்சு முட்டி ரத்த அழுத்தமும் சரிந்தால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே ஊசி குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

மற்றவர்களுக்கும் நெடுநாளாக ஊசியால் காற்றை உறிஞ்சிவந்தார்கள், இல்லையேல் அக்குளுக்குக் கீழே டியூப் போட்டுவந்தார்கள். டியூபின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே பாட்டில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். இருமினால் குமிழி வரும். வெளியேறிய காற்று திரும்ப நுழைய முடியாது. மூச்சுக்கேற்ப டியூபுக்குள் தண்ணீர் ஏறி இறங்கும். பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கிவிட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும்.

இந்த டியூப் எல்லோருக்கும் தேவைதானா? ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் 316 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. கணிசமாகக் காற்று புகுந்திருந்தும் ஒரு பிரிவினருக்கு வலி மருந்து கொடுத்துக் கண்காணித்தார்கள், அவ்வளவுதான். அவர்களில் சுமார் 85 சதவீதத்தினருக்குக் கடைசிவரை எதுவும் குத்த வேண்டியிருக்கவில்லை. உடம்பே காற்றை உறிஞ்சிக்கொண்டது. சிலர் மறுபரிசோதனைக்கு வராததால் கணக்கில் வாதம் உண்டு. ஆனாலும் பிரிட்டனின் 2023 வழிகாட்டி, கறுப்பு எவ்வளவு பெரிது என்பதைவிட ஆள் எப்படி இருக்கிறார் என்பதையே முதலில் பார்க்கச் சொல்கிறது. எனக்கு இது வெகு நாள் முன்பே வந்திருக்க வேண்டிய மாற்றமாகப் படுகிறது.

வீட்டுக்கு அனுப்பினாலும் மறு எக்ஸ்ரேயைத் தவறவிடக் கூடாது. திரும்பத் திரும்ப வந்தால் கேமரா வைத்துக் கொப்புளத்தை வெட்டி, நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைப்பார்கள். காற்று முழுக்கப் போனது எக்ஸ்ரேயில் தெரிந்து ஒரு வாரமாவது ஆகாமல் விமானம் ஏறக் கூடாது. ஸ்கூபா டைவிங் அறவே வேண்டாம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்கூட நிபுணரைக் கேட்டே இறங்க வேண்டும்.