லேசர் செய்த கண்ணில் புரை விழுந்தால்...

தோட்டத்தில் வளர்ந்து, பினாங்கு ஜார்ஜ் டவுனில் வேலைக்குப் போனதும், மூக்குக் கண்ணாடி வேண்டாமென்று லேசர் செய்துகொண்ட பிள்ளைகள் உண்டு. வயது ஏறினால் அவர்கள் கண்ணிலும் புரை விழும். அப்போது ஒரு சங்கதி நினைவிருக்க வேண்டும்.

இந்த லேசருக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் 1981இல், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் அந்தக் கதிரைச் செலுத்திப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல் நுட்பமாக வெட்டியது.

கிட்டப்பார்வைக்குச் செய்யும் லேசர், கருவிழியின் நடுப்பகுதியைத் தட்டையாக்குகிறது. புரையை எடுத்தபின் உள்ளே வைக்கும் லென்சின் பவரையோ, கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் அளந்துதான் கணக்கிடுகிறார்கள். லேசர் செய்ததை மறைத்தால் கணக்குப் பிசகும். லென்சின் பலம் குறைந்து பார்வை மங்கும்.

வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் எழுத்து இழுபட்டுத் தெரியும். இதுவே அஸ்டிக்மாட்டிசம். இதற்கு டோரிக் லென்சு உண்டு. ஆனால் அது கண்ணுக்குள் 30 டிகிரி திரும்பினாலே பலன் போய்விடும். லேசருக்குப் பின் வளைவு தாறுமாறாக இருந்தால் பெரும்பாலும் பொருந்தாது.

ஆகவே, லேசருக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுச் சீட்டைப் பிறப்புச் சான்றிதழோடு பத்திரமாக வையுங்கள். தொலைந்துவிட்டதா? கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அத்தகைய கண்ணுக்கென்றே கணக்குமுறைகள் இன்று இருக்கின்றன.